நிலம் நடுங்கிய பிறகு ஒரு குடம் தண்ணீர்

2004-ல் நாகப்பட்டினத்தில் கொள்ளைநோய் ஏன் வரவில்லை? முல்லைப் பெரியாற்றைக் குடிக்கும் மார்க்கையன்கோட்டைக்கு அந்தப் பதில் ஏன் வேண்டும்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை ஆறரை மணிவாக்கில் சுமத்ராவின் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. இரண்டரை மணி நேரம் கழித்து அந்த நடுக்கம் அலையாக நாகப்பட்டினத்தில் ஏறியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் நாகை மாவட்டத்துக்காரர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி ஆகிய பெயர்களைக் கேட்டாலே இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இதெல்லாம் நமக்குத் தெரியும். அடுத்த மாதங்களில் நடக்காமல் போன ஒன்றைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கிணறுகளில் கடல்நீர், தெருக்களில் பிணங்கள், பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஆயிரக்கணக்கான மக்கள் என்றிருந்த அந்த நிலையில் காலராவோ வயிற்றுப்போக்கோ தட்டம்மையோ கொள்ளைநோயாகப் பரவும் என்று உலகமே அஞ்சியது. பரவவில்லை. கடல் கொன்றதற்கு மேல் தண்ணீர் யாரையும் கூட்டமாகக் கொல்லவில்லை.

அது தெய்வச் செயலாகவோ தற்செயலாகவோ நடந்ததல்ல. நூற்றுக்கணக்கானவர்கள் இரவுபகலாகச் செய்த வேலை அது. அந்த வேலையைச் செய்வதற்கான ஏற்பாடு அலை வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்த மாநிலத்தில் இருந்தது. கடலையே காணாத நம் கம்பம் பள்ளத்தாக்கு கற்க வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது.

அணையைத் தாண்டி ஒரு கேள்வி

சின்னமனூரிலிருந்து குச்சனூர் போகிற வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிறது மார்க்கையன்கோட்டை. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைப் போலவே இந்தப் பேரூராட்சியின் வயல்களும் முல்லைப் பெரியாற்றை நம்பியவை. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையிலிருந்து சுரங்கம் வழியாக மேற்கு மலையைத் துளைத்துக்கொண்டு வரும் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர் ஊராக நனைத்துப் பிறகு வைகையோடு சேர்கிறது.

இங்கே நிலநடுக்கம் என்று யாராவது வாயெடுத்தால் பேச்சு நேரே அணைக்குப் போய்விடும். அதற்குக் காரணம் உண்டு. 2011-ல் இடுக்கிப் பக்கம் சிறு நடுக்கங்கள் பதிவானபோது இரு மாநிலங்களும் கொதித்தன. கம்பத்து விவசாயிகள் குமுளியை நோக்கிப் புறப்பட்டார்கள். நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு அணையை ஆராய்ந்து அது உறுதியாக இருப்பதாகச் சொன்னது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

ஆனால் நிலம் நடுங்கினால் அணைக்கு மட்டுமா ஆபத்து? நம் பகுதி கட்ச் போலவோ இமயமலை அடிவாரம் போலவோ பேராபத்து வலயம் அல்ல என்பது உண்மை. நடுக்கமே வராத பூமியும் அல்ல. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது. 1988 ஜூனில் மலைக்கு அந்தப்புறம் நெடுங்கண்டத்தில் 4.5. 2000 டிசம்பர் 12 அன்று ஈராட்டுப்பேட்டைப் பக்கம் 5.0. அணைக்கு எந்தச் சேதமும் இல்லாமலே ஒரு நடுத்தர நடுக்கத்தில் நம் ஊர்களின் தண்ணீர் நின்றுபோகலாம். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. மண்ணுக்கடியில் பழைய குழாய்கள் இணைப்புகளில் விட்டுக்கொள்ளும். மேல்நிலைத் தொட்டி விரிசல் விடும். செப்டிக் டேங்க் உடைந்து பக்கத்துக் குழாய்க்குள் கழிவுநீர் புகும். அன்று மாலை மார்க்கையன்கோட்டையில் ஒரு குடும்பம் எந்தத் தண்ணீரைக் குடிக்கும்? பெண்கள் எங்கே ஒதுங்குவார்கள்? அணையைப் பற்றி நாம் பேசியதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் கேள்வியைப் பற்றிப் பேசியதில்லை.

தொட்டி சாய்ந்த ஊர்

2001 ஜனவரி 26. குடியரசு தினக் கொடியேற்றும் நேரத்தில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தை 7.7 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. 13,800-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நடுக்கத்தின் மையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சோபாரி என்ற கிராமத்தில் 2,65,000 லிட்டர் கொள்ளளவுள்ள மேல்நிலைத் தொட்டி அப்படியே விழுந்து நொறுங்கியது. அப்போது அதில் பாதியளவுதான் தண்ணீர் இருந்தது.

கான்பூர் ஐ.ஐ.டி.யின் துர்கேஷ் ராய் அந்தப் பகுதித் தொட்டிகளை ஆராய்ந்தார். உள்ளே கூடாக இருக்கும் வட்டமான ஒற்றைக் கான்கிரீட் தண்டின்மேல் நிற்கும் தொட்டிகள் பலவற்றில், தண்டின் அடிப்பகுதியில் சுற்றிச்சுற்றி விரிசல் விட்டிருந்தது. தொட்டியின் கனமெல்லாம் உச்சியில் இருக்கிறது. நிலம் பக்கவாட்டில் ஆடும்போது மொத்த விசையும் அடியில் வந்து இறங்கும். ஒற்றைத் தண்டு விட்டுக்கொடுத்தால் தாங்குவதற்கு வேறெதுவும் இல்லை. தூண்களும் குறுக்கு விட்டங்களும் உள்ள தொட்டிகளில் ஓர் இடம் விரிசல் விட்டாலும் சுமை மற்ற இடங்களுக்குப் பிரியும். அதற்கும் தூணும் விட்டமும் சேரும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். நீர்த்தொட்டிகளின் நிலநடுக்க வடிவமைப்புக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதிநூலில் தனிப் பகுதி 2014-ல்தான் வந்தது. நம் பேரூராட்சிகளில் நிற்கும் தொட்டிகளில் எத்தனை அதற்கு முன் கட்டியவை, எத்தனையில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு ஊரும் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஊர் முழுவதற்கும் ஒரே தொட்டி, ஒரே மோட்டார், ஒரே குழாய் என்றிருந்தால் ஒன்று போனால் எல்லாம் போகும். ஒரு காலத்தில் ஊருக்கு நாலைந்து பொதுக் கிணறுகளும் தெருமுனைக்கு ஒரு அடிபம்பும் இருந்தன. வீட்டுக்கு வீடு குழாய் வந்தது பெரிய நன்மை. குழாய் வந்ததும் கிணற்றில் குப்பையைக் கொட்டி மூடியதுதான் தவறு.

நாகையில் தண்ணீர் திரும்பிய விதம்

ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறியாளர்களுக்கு முன்னால் இருந்த வேலை இரண்டு. இன்றைக்குக் குடிக்க லாரியில் தண்ணீர் கொண்டுவருவது ஒன்று. நாளைக்கு லாரி வேண்டாமல் செய்ய உடைந்த குழாய்களையும் பம்புகளையும் சரிசெய்வது மற்றொன்று. முகாம்களில் பிளாஸ்டிக் தொட்டிகள் வைத்து லாரித் தண்ணீரை நிரப்பினார்கள். யூனிசெஃப் போன்ற அமைப்புகள் தொட்டிகளும் பிளீச்சிங் பவுடரும் தந்தன. இன்னொரு பக்கம் குழாய்ப் பாதைகளைச் சீர்செய்யும் வேலை நடந்தது.

தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். இங்கேதான் தமிழ்நாட்டின் பழைய ஏற்பாடு கைகொடுத்தது. இந்தியாவின் பல மாநிலங்களில் மருத்துவத்துறைக்குள் கரைந்துபோன பொதுச் சுகாதாரப் பிரிவு இங்கே தனித் துறையாக, தனி அலுவலர் வரிசையோடு நிலைத்திருக்கிறது. சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்தது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதைவிட, நோய் வராமல் தண்ணீரையும் சாக்கடையையும் கொசுவையும் கவனிப்பதே இந்தத் துறையின் வேலை. மற்ற மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்கள் கடலோரத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். குடிநீரில் குளோரின் கலந்தார்கள், அளந்தார்கள். முகாம்களில் யாருக்கு வயிற்றுப்போக்கு, யாருக்குக் காய்ச்சல் என்று நாள்தோறும் கணக்கெடுத்தார்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டார்கள். உலக வங்கிக்காக மோனிகா தாஸ் குப்தாவும் அவருடன் பணியாற்றியவர்களும் எழுதிய ஆய்வு, தமிழ்நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பிலிருந்து மற்ற மாநிலங்கள் கற்க வேண்டியதைச் சொல்லும்போது இந்தச் செயல்பாட்டை எடுத்துக்காட்டுகிறது.

உதவிக்கு வந்த தொண்டு நிறுவனங்களின் எண்ணிக்கையே ஒரு சிக்கலாகும் நிலை இருந்தது. ஒரே முகாமுக்கு நாலு பேர் தொட்டி கொண்டுவருவார்கள், பக்கத்துக் குப்பத்துக்கு ஒருவரும் போகமாட்டார்கள். நாகை ஆட்சியராக ஜெ.ராதாகிருஷ்ணன் பொறுப்பேற்ற காலத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உள்ளிட்டவை சேர்ந்து ஆட்சியர் அலுவலகத்தோடு இணைந்த ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை 2005 ஜனவரியிலேயே தொடங்கின. யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பது ஓரிடத்தில் தெரிந்ததால் தண்ணீர் எட்டாத இடங்களும் தெரியவந்தன.

அவசரப்பட்டு இறைத்த கிணறுகள்

நல்ல மனசோடு செய்து கெடுத்த வேலையும் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல்திட்டில் வாழும் தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் முற்றத்துக் கிணறுதான் குடிநீர். அலை ஏறியதும் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. உடனே பம்பு செட்டுகளைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். உப்பு குறையவில்லை.

கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது நீரியல் கணக்கு. மேலிருந்து வேகமாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறும். கிணற்றுச் சுவரும் சரியும். கொழும்பை மையமாகக் கொண்ட சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்தக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். உப்பைக் கழுவியது பெரும்பாலும் பருவமழைதான் என்று தெரிந்தது. சேற்றையும் குப்பையையும் எடுக்க ஒருமுறை மெதுவாக இறைத்துவிட்டு, மழைக்குக் காத்திருந்து, அதுவரை வெளியிலிருந்து தண்ணீர் தருவதே சரியான வழி. குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது.

நமக்குக் கடல் உப்பு இல்லை. ஆனாலும் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவசரத்தில் கைவைக்கக் கூடாது என்ற பாடம் நமக்கும் பொருந்தும். நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு மலைக் கிராமங்களில் பல ஊற்றுகள் வற்றின, சில புது இடத்தில் கிளம்பின. ஓடைத் தண்ணீரைக் குடித்து வாழும் நம் மேகமலை, போடி மலைக் குடியிருப்புகளுக்கும் அது நேரக்கூடும்.

கழிப்பறை இல்லாத முகாம்

தண்ணீரில் நாகை வென்றது. கழிப்பறையில் அவ்வளவு வெல்லவில்லை. தற்காலிகக் குடியிருப்புகளில் வரிசையாகக் கழிப்பறைகள் கட்டினார்கள். தண்ணீர் இல்லாமலும், விளக்கு இல்லாமலும், யார் சுத்தம் செய்வது என்ற ஏற்பாடு இல்லாமலும் பல சீக்கிரமே பயனற்றுப்போயின. கடலோரத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் குழிகள் நிரம்பி வழிந்தன. பெண்கள் பொழுது சாயக் காத்திருந்தார்கள். பகலில் போகாமல் இருக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். நல்ல தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றிவிட்டு, அதைக் குடிக்கப் பயப்படும் நிலையில் ஒரு பெண்ணை வைத்தால் அந்தத் தண்ணீரால் என்ன பயன்?

உலக அளவில் இதற்கு அளவுகோல் இருக்கிறது. 1994-ல் ருவாண்டாவிலிருந்து கோமாவுக்கு ஓடிவந்த அகதிகளில் ஏறத்தாழ 50,000 பேர் காலராவிலும் சீதபேதியிலும் முதல் மாதத்திலேயே மாண்டார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து 1997-ல் பிறந்தவை ஸ்பியர் நெறிகள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர். 250 பேருக்கு ஒரு குழாய். வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் தண்ணீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை, 50 மீட்டருக்குள். ஆண்களுக்கு ஒன்று என்றால் பெண்களுக்கு மூன்று. நீராதாரத்திலிருந்து குழி குறைந்தது 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், அதன் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே நிற்க வேண்டும்.

கடைசி விதியை நாகையில் கடைப்பிடிப்பது கடினம். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். வேளாங்கண்ணிக்குத் தெற்கே காமேஸ்வரம் கிராமத்தில் ஒரு தொண்டு அமைப்பு, மலமும் சிறுநீரும் தனித்தனியே சேரும் உலர் கழிப்பறைகளை வீடுகளுக்குக் கட்டித் தந்தது. தரைக்கு மேலே அறை, குழியே இல்லை. மலத்தின்மேல் சாம்பல் போட்டு மூடி, உலரவிட்டு, எருவாக்கினார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் வயலோரத் தெருக்களில் குழி தோண்டினால் ஊறிவரும் நம் பள்ளத்தாக்குக்கும் இந்த முறை தெரிந்திருக்க வேண்டும்.

மேல்கரை செய்த பிழை

2010 ஜனவரி 12-ல் ஹைட்டியில் நிலம் நடுங்கியது. தலைநகரின் முகாம்களில் காலரா வெடிக்கும் என்று எல்லோரும் அங்கேயே கண்ணாக இருந்தார்கள். அக்டோபரில் காலரா வந்தது. வந்த இடம் முகாம் அல்ல, ஆற்றங்கரைக் கிராமங்கள். மிர்பலே ஊருக்கு அருகே ஐ.நா. அமைதிப்படையின் தளத்திலிருந்து கழிவுநீர் ஓடையில் கலந்து, அந்த ஓடை ஆர்த்திபோனித் ஆற்றில் சேர்ந்து, ஆற்றை நம்பியவர்களின் வயிற்றுக்குள் போனது. எட்டு லட்சம் பேருக்கு நோய், ஏறத்தாழ பத்தாயிரம் சாவு. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலர் பான் கி மூன் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

முகாமில் தண்ணீரைக் காத்தவர்கள் மேல்கரையில் கழிவைக் கவனிக்கவில்லை. குடிநீரையும் கழிவையும் இரண்டு துறைகளின் இரண்டு வேலையாகப் பார்த்தால் இப்படித்தான் முடியும். அவை ஒரே வேலை.

முல்லையாற்றைப் பாருங்கள். மேல் ஊரின் சாக்கடை ஆற்றில் இறங்குகிறது. கீழ் ஊர் ஆற்றுப் படுகையில் உறைகிணறு போட்டு எடுத்துக் குடிக்கிறது. நல்ல நாளில் மணலும் குளோரினும் நம்மைக் காக்கின்றன. மின்சாரம் போய், குளோரின் கலக்க ஆளில்லாமல், செப்டிக் டேங்குகள் உடைந்து கிடக்கும் நாளில் எது காக்கும்? சின்னமனூரின் கழிவு மார்க்கையன்கோட்டையின் பிரச்சினை. கம்பத்தின் கழிவு உத்தமபாளையத்தின் பிரச்சினை. ஆற்றுக்கு வார்டு எல்லை கிடையாது.

யார் கையில் நிற்கிறது ஊர்

நாகையில் பிணங்களை அப்புறப்படுத்தித் தெருக்களைச் சுத்தம் செய்தவர்கள் தமிழ்நாட்டின் பல நகராட்சிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் தலித்துகள். உரிய பாதுகாப்பு இல்லாமல் அவர்களில் பலர் அந்த வேலையைச் செய்ததையும், சில இடங்களில் பாதிக்கப்பட்ட தலித் மக்கள் நிவாரணத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து குடிக்கவிடாமல் தடுக்கப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. கடல் எல்லோரையும் ஒன்றாக அடித்தது, தொட்டிக்கு முன்னால் மனிதன் மறுபடி பிரித்தான். 2022-ல் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட மாநிலம் இது. ஆகவே தொட்டியை எங்கே வைப்பது, குழாயை யார் திறப்பது என்பதெல்லாம் பேரிடர்த் திட்டத்தில் முதலிலேயே எழுதிவைக்க வேண்டியவை.

எந்த வால்வைத் திருப்பினால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகும் என்பது ஊரின் டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். எந்தச் சாக்கடை எங்கே அடைக்கும் என்பது தூய்மைப் பணியாளருக்குத் தெரியும். நிலம் நடுங்கிய மறுநாள் சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வரும் எந்த வல்லுநருக்கும் அது தெரியாது. அப்படிப்பட்டவர்களைக் குறைந்த கூலியில், ஒப்பந்தத்தில், கையுறைகூட ஒழுங்காகத் தராமல் வைத்திருக்கிறோம். இவர்களுக்கு நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் தருவதுதான் ஒரு பேரூராட்சி செய்யக்கூடிய முதல் பேரிடர் தயாரிப்பு.

மார்க்கையன்கோட்டை செய்ய வேண்டியது

இதற்குக் கோடிகள் வேண்டாம். பேரூராட்சி மன்றம் ஒரே கூட்டத்தில் தீர்மானம் போட்டுத் தொடங்கக்கூடிய வேலைகள்தான்.

முதலாவது, வரைபடம். ஊரின் குழாய்ப் பாதை, வால்வுகள், செப்டிக் டேங்குகள், கிணறுகள், அடிபம்புகள் எல்லாவற்றையும் ஆபரேட்டரை உட்காரவைத்துத் தாளில் வரைய வேண்டும். அவர் தலைக்குள் மட்டும் இருக்கும் அறிவு அவர் ஓய்வுபெறும் நாளில் ஊரைவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது, மேல்நிலைத் தொட்டிகளைப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பு தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, மூடிக் கிடக்கும் பொதுக் கிணறுகளில் இரண்டையாவது தூர்வாரிச் சுவர் கட்டி, தண்ணீரைப் பரிசோதித்து, மாற்று ஆதாரமாக வைத்திருக்க வேண்டும்.

நான்காவது, பிளீச்சிங் பவுடரும், தண்ணீரில் இருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பும். நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டரை கிராம் போதும். கலந்த பிறகு ஒரு மணி நேரம் விட வேண்டும். கலங்கலான தண்ணீர் என்றால் முதலில் தெளியவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். மூட்டையைத் திறந்து ஈரத்தில் போட்டால் பவுடர் வீரியம் இழக்கும். பழைய மூட்டையை அள்ளித் தூவுவது வெறும் சுண்ணாம்பு தூவுவதற்குச் சமம். இதைச் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம்.

ஐந்தாவது, மக்கள் கூடும் இடங்கள். பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் எத்தனை பேர் தங்குவார்கள், 20 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் எத்தனை கழிப்பறை வேண்டும், பெண்களுக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் உண்டா என்று இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கழிப்பறைகள் நாளைக்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஆறாவது, ஆறு. லோயர் கேம்ப்பிலிருந்து வைகை வரை உள்ள எல்லா நகராட்சிகளும் பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதில்லை என்று சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இதில் ஒரே ஊர் தனியாக எதுவும் செய்ய முடியாது. மார்க்கையன்கோட்டை கேட்கலாம், சின்னமனூர் கொடுக்க வேண்டும். சின்னமனூர் கேட்கலாம், உத்தமபாளையம் கொடுக்க வேண்டும். அணையின் நீர்மட்டத்துக்காக ஒன்றாகத் தெருவில் இறங்கிய பள்ளத்தாக்குக்கு இந்த ஒற்றுமை புதிதல்ல.

பெரிய நிலநடுக்கம் நம் வாழ்நாளில் இங்கே வராமலே போகலாம். போகட்டும், அதுவே நம் வேண்டுதல். ஆனால் மேலே சொன்ன எந்த வேலையும் வீணாகாது. பெருமழை கொட்டி ஆறு கரைபுரண்டாலும், மலை சரிந்தாலும், வெறுமனே நாலு நாள் மின்சாரம் போனாலும் இதே வரைபடமும் இதே கிணறும் இதே குளோரினும்தான் ஊரைக் காக்கும். நாகப்பட்டினத்தைக் காத்த பொதுச் சுகாதாரத் துறை ஆழிப்பேரலைக்காக உருவாக்கப்பட்டதல்ல. காலராவுக்கும் மலேரியாவுக்கும் அஞ்சிய ஒரு தலைமுறை அதை உருவாக்கியது. அடுத்தடுத்த தலைமுறைகள் கலைத்துவிடாமல் வைத்திருந்தன. அதனால்தான் 2004-ல் அது கைக்கு எட்டியது. நம் தலைமுறை எதைக் கட்டிவைக்கப் போகிறது என்பதை மார்க்கையன்கோட்டை பேரூராட்சி மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே கேட்கலாம். கேட்க வேண்டியது நாம்தான்.